முள்ளம்பன்றி காத்த பலாக்கொட்டைகள்

மலைக்காட்டில் ஈட்டியன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதன் வளைக்குள் தலையை நீட்ட நரிக்கும் பயம். அதனால்தான் பருந்திடம் அடிபட்டுக் கிடந்த தாய் அணில், தான் சேர்த்த பலாக்கொட்டைகளை அதனிடம் ஒப்படைத்தது.

"அண்ணே, மூணு பிள்ளைக்கும் சமமாக் கொடுங்க. மழைக்காலம் தாண்ட அதுங்களுக்கு வேற வழியில்ல!"

"கவலைய விடும்மா! எவன் கை வைக்கிறான்னு பார்க்கிறேன்!" என்று முள்ளைச் சிலிர்த்தது ஈட்டியன்.

தாய் அணில் கண்ணை மூடியது. கொட்டைகளை மூன்று பங்காகப் பிரித்து வைக்க ஈட்டியனுக்குச் சோம்பல். 'ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே!' என்று ஒரே குவியலாகக் கொட்டிவிட்டது.

மூத்த குட்டி ஓடி வந்தது. "பசியில உசிரு போகுது மாமா!"

ஈட்டியன் அள்ளிக் கொடுத்தது. உடனே நடுக்குட்டி அழுதுகொண்டு வந்தது. "அண்ணனுக்கு மட்டுந்தானா மாமா?"

அதற்கும் அள்ளிக் கொடுத்தது. இப்படியே தினமும் நடந்தது. 'மாமா, மாமா' என்று இரண்டும் காலைச் சுற்றிவர, ஈட்டியனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்குட்டி பூவி மட்டும் வரவே இல்லை. உதிர்ந்த அத்திப்பழங்களைத் தின்று அது காலத்தை ஓட்டியது.

மழை பிடித்துக்கொண்டது. காட்டில் பழம் இல்லாமல் போனது. பூவி நனைந்த வாலோடு வந்து நின்றது.

"என் பங்கைக் கொடுங்க மாமா!"

ஈட்டியன் திரும்பிப் பார்த்தது. மூலையில் வெறும் தோல்தான் கிடந்தது.

"நீ... கேட்கவே இல்லையேம்மா!"

"உங்ககிட்டதானே இருக்குன்னு கேட்காம இருந்தேன் மாமா."

பூவி திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஈட்டியனை வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணன்கள் தின்றுவிட்டதாகச் சொல்ல வாயெடுத்தது. ஆனால் அள்ளிக் கொடுத்தது யார்? அது கொட்டும் மழையில் இறங்கி, பலாமரத்தடிச் சேற்றைக் கிளறியது. பாதி அழுகிய கொட்டைகள் சிலவே கிடைத்தன.

மேலேயிருந்து ஒரு குரங்கு கத்தியது. "ஈட்டியா! உன் காவல்ல ஒரு கொட்டைகூடத் திருடு போகலையாமே! கெட்டிக்காரன்யா நீ!"

ஈட்டியன் நிமிரவில்லை. "திருடன் வரல. பூவியோட பங்கை நானே தூக்கிக் கொடுத்துட்டேன்!" என்றது.

கிடைத்த கொட்டைகளைப் பூவியின் முன் வைத்தது. பூவி அழுகலைக் கடித்துத் துப்பிவிட்டு மிச்சத்தைத் தின்றது.

பலருக்கு உரியதைக் காப்பவர், வாய் திறந்து கேட்காதவரின் பங்கைத் தனியே எடுத்துவைத்த பிறகே கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும்.