கோழிக்கு ஓர் இலை

கடம்பங்குளத்து அரிசி ஆலை முதலாளி சிவனணைந்த பெருமாளுக்குத் தன் கோழிக்கூண்டைப் பற்றி அப்படியொரு பீற்றல். அசல் தேக்கு. பத்துக் கோழி தாராளமாக இருக்கலாம். அவர் அதில் இருபதை அடைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லி வேலைக்காரி மாடத்தியைக் கூப்பிட்டார்.

"நெருக்கத்துல ஒண்ணையொண்ணு கொத்திக்கிடும், மொதலாளி" என்றாள் அவள்.

"உக்கார இடம் இருந்தா போதாதா? கோழி என்ன கூத்தா ஆடப்போவுது? ஒரு எறகு உதிர்ந்தாலும் உனக்கு இங்க வேலை கெடையாது!"

ரெண்டே நாளில் பாதிக் கோழிக்கு வால் இல்லை. விசேஷ வேலையில் முதலாளி கூண்டுப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் முதலாளியின் பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் இலை போடும் வேலை மாடத்திக்கு. பத்துப் பேர் உட்காரும் பாய்க்கு முன்னால் இருபது இலையை நெருக்கிப் போட்டாள். முதல் பந்தி ஆயிற்றே, கௌரவத்தை விட்டு எவரும் எழுந்திருக்கவில்லை.

சம்பந்தியின் முழங்கை முதலாளியின் சாம்பாரில் விழுந்தது. முதலாளியின் கை சம்பந்தியின் வடையை எடுத்தது.

"வேய், அது என் வடை!"

"மொதல்ல உம்ம கைய மடக்கும்!"

சட்டையைப் பிடிக்காத குறைதான். "எவ இலை போட்டது?" என்று முதலாளி கத்தினார்.

"நாந்தான். உக்கார இடம் போதும்னீயளே" என்று மாடத்தி கூண்டிலிருந்து வால் போன கோழியொன்றைத் தூக்கி வந்து காட்டினாள். "இதுக ஒரு நாளாவது பொறுத்துச்சு, மொதலாளி. நீங்க பாயசம் வர்ற வரைக்கும் தாங்கலையே!"

பந்தியே சிரித்தது.

மறுநாள் தச்சர் வந்து புதுக் கூண்டுக்கு அளவு கேட்டார். முதலாளி ஒரு தலைவாழை இலையை நீட்டினார்.

"கோழிக்கு ஒண்ணு."