இசக்கிராஜாவின் வலது கை

"அந்தப் பையன் கையைத் தூக்க மாட்டேங்கான்" என்றார் கோமதிநாயகம்.

ஜெசிந்தா தலை நிமிரவில்லை. தையல் கடைக்கு மேலே, ஒற்றை அறையில், அவள் போதை மீட்பு ஆலோசனை மையம் நடத்திவந்தாள். பள்ளி ஆலோசகராகச் சேர்ந்தபோது கோமதிநாயகம் அவளிடம்தான் தொழில் கற்றார். வயதில் அவள் சின்னவள். அவர் மேடம் என்பார்.

"எந்தப் பையன்?"

"இசக்கிராஜா. பிளஸ் ஒன். பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால சிகரெட்டோட மாட்டுன அஞ்சு பேர்ல ஒருத்தன். நாலு பேரு உறுதிமொழி எடுத்துட்டானுவ. இவன் மட்டும் முடியாதுங்கான்."

அந்த ஊர்ப் பள்ளியில் எதற்கும் ஓர் உறுதிமொழி உண்டு. கொசுவை ஒழிக்க, மரம் வளர்க்க, ஹெல்மெட் போட. ஒருவர் மைக்கில் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் வலது கையை நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள்.

"வெள்ளிக்கிழமை பிரேயர்ல அஞ்சு பேரையும் மேடையில ஏத்தப் போறாரு ஹெச்.எம். கையைத் தூக்குனா இருக்கலாம். தூக்கலைன்னா டி.சி. நடு வருஷத்துல டி.சி. வாங்குனவனை எவன் சேப்பான்? படிப்பு அதோட போச்சு. அவங்கம்மா வந்து அழுதுட்டுப் போகுது."

"அந்த நாலு பேரும் இப்போ சிகரெட் குடிக்கலையா?"

"விட்டுட்டானுவ."

"எப்போ?"

"உறுதிமொழி எடுத்த அன்னைக்கே."

ஜெசிந்தா இப்போது நிமிர்ந்தாள்.

"அப்போ நீங்க என் நாற்காலியில வந்து உக்காருங்க சார். நான் அந்தப் பக்கம் வாரேன். என்கிட்ட வந்தவங்கள்ல ஒருத்தர்கூட ஒரே நாள்ல விட்டதில்லை."

கோமதிநாயகம் நெளிந்தார்.

"இசக்கிராஜா என்ன சொல்லுதான்?"

"தினமும் வாரான். நேத்து ரெண்டு, இன்னைக்கு ஒண்ணுன்னு ஒளிக்காமச் சொல்லுதான். ஆசை வந்தா தண்ணி குடிடே, கொஞ்ச தூரம் நடடேன்னேன். மறுநாள் வந்து, தண்ணியும் குடிச்சேன், நடந்தும் போனேன், போய் நின்ன இடம் பெட்டிக்கடைங்கான்."

அவள் சிரித்தாள்.

"சிரிக்காதீங்க மேடம். அவனை எப்படிக் கை தூக்க வைக்கது? அதை மட்டும் சொல்லுங்க."

"எந்திரிங்க."

எழுந்தார்.

"வலது கையை நீட்டுங்க. நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லணும். நான்."

"நான்."

"இனி என் வாழ்நாளில்."

"இனி என் வாழ்நாளில்."

"ஒருநாளும் என் மனைவியிடம் எரிந்து விழ மாட்டேன்."

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். அன்று காலைச் சட்னியில் உப்பு கூடியிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

கை நீண்டபடியே நின்றது.

கீழே தையல் மெஷின் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

"வாழ்நாள்னா… எப்படி மேடம்?"

ஜெசிந்தா பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கையை இறக்கலாமா?"

"அது உங்க கை, சார்."

*

மறுநாள் அவர் தலைமையாசிரியரைப் பார்த்தார்.

"அந்தப் பையனை மேடையில ஏத்தாம விட்டா என்ன சார்?"

"உங்க வைத்தியம் பலிச்சதுக்கு அந்த நாலு பேரும் சாட்சி. பலிக்காததுக்கு இவன் ஒருத்தன்தான் சாட்சி. இவனை எதுக்குக் கூட வச்சுக்கிடணும்?"

"அவன் ஒருத்தன்தான் என்கிட்ட உண்மையைச் சொல்லுதான்."

"சிகரெட் குடிச்சேன்னு சொல்லுதவனுக்கு மெடலா குடுக்கச் சொல்லுதீங்க? உறுதிமொழியை நீங்கதான் மைக்குல சொல்லணும். தாளை ஆபீஸ்ல வாங்கிக்கிடுங்க."

*

வியாழக்கிழமை சாயங்காலம் இசக்கிராஜா வந்தான். ஆய்வகத்தை ஒட்டி, கோமதிநாயகத்தின் சின்ன அறை. சுவரில் கருத்துப்போன நுரையீரல் படம். அவன் எப்போதும் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான்.

"நேத்து?"

"ஒண்ணு."

"இன்னைக்கு?"

"காலையில ஒண்ணு. பிறகு இதுவரைக்கும் இல்ல சார்."

"நாளைக்கு மேடையில?"

"தூக்க மாட்டேன்."

"சும்மா தூக்கிட்டு இறக்குனா என்னல? அவனுவ நாலு பேரும் செய்யலையா?"

"செஞ்சானுவ. செஞ்சுட்டு நேரா சுவருக்குப் பின்னாலதான் போனானுவ. என்னையும் கூப்பிட்டானுவ."

"போனியா?"

"போனேன். அன்னைக்கு ரெண்டுன்னு உங்ககிட்ட சொன்னேனே."

கோமதிநாயகம் ஆபீஸில் வாங்கிவந்த உறுதிமொழித் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"டி.சி.ன்னு பயமுறுத்துனா பொய் சொல்லிருவேன்னு ஹெச்.எம். சார் நெனைக்காரு. குடுக்கட்டும். எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்." அவன் குரல் அம்மா என்ற இடத்தில் கொஞ்சம் தடுக்கியது. பிறகு நிமிர்ந்தான். "நீங்களும் தூக்கத்தான் சொல்லுதீங்களா சார்?"

இரண்டு நாளைக்கு முன்பென்றால் ஆமாம் என்றிருப்பார்.

"வீட்டுக்குப் போடே" என்றார்.

*

வெள்ளிக்கிழமை. மொத்தப் பள்ளியும் மைதானத்தில் நின்றது. மேடையில் ஐந்து பேர்.

"இதுல நாலு பேர் திருந்திட்டானுவ" என்றார் தலைமையாசிரியர் மைக்கில். "அஞ்சாவது ஆளை இப்போ பாப்போம். கையைத் தூக்குனா இந்தப் பள்ளிக்கூடத்துல இருப்பான். தூக்கலைன்னா இன்னைக்கே டி.சி."

மைக்கை ஆலோசகர் பக்கம் தள்ளினார்.

நாலு கைகள் அதற்குள் நீண்டுவிட்டன. இசக்கிராஜா கைகளைப் பின்னால் கட்டியிருந்தான்.

"நான்" என்றார் கோமதிநாயகம்.

"நான்" என்றன நாலு குரல்கள்.

தாளில் அடுத்த வரி, இனி என் வாழ்நாளில் என்று இருந்தது. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நேற்றுப் புகைத்தேன்."

நாலு வாயும் நின்றன. ஒரு கை பாதி இறங்கியது. இன்னொருவன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். மைதானத்தில் சிரிப்பு கிளம்பியது. பி.டி. சார் விசில் ஊதினார்.

இசக்கிராஜா திரும்பி அவரைப் பார்த்தான்.

பின்னால் கட்டியிருந்த கைகள் பிரிந்தன. வலது கை நீண்டது.

"நான் நேற்றுப் புகைத்தேன்."

"இன்று இதுவரை இல்லை" என்றார் அவர்.

"இன்று இதுவரை இல்லை."

"நாளைக்கு எப்படி என்று தெரியாது."

"நாளைக்கு எப்படி என்று தெரியாது."

"எப்படி இருந்தாலும் வந்து சொல்வேன்."

"எப்படி இருந்தாலும் வந்து சொல்வேன்."

மைதானத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

தலைமையாசிரியர் அருகே வந்தார். மைக்கைக் கையால் மூட அவருக்குத் தோன்றவில்லை.

"இது என்ன சார் உறுதிமொழி?"

"கையைத் தூக்குனா இருக்கலாம்னு எல்லாருக்கும் முன்னால சொன்னீங்க சார். தூக்கிட்டான்."

தலைமையாசிரியர் மைதானத்தைப் பார்த்தார். மொத்தப் பள்ளியும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பையன் பக்கம் திரும்பினார்.

"ஏல, இத்தனை நாளா மாட்டேன்னுட்டு, இதுக்கு மட்டும் எதுக்குல தூக்குன?"

இசக்கிராஜாவின் கை இன்னும் இறங்கவில்லை.

"இதுன்னா என்னால காப்பாத்த முடியும், சார்."