சோணைமுத்து விடை கொடுத்த கதை

"டீச்சர், எனக்குத் தமிழ் வர மாட்டேங்குது."

நப்பின்னை டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"போன வெள்ளிக்கிழமை முத்தாலம்மன் திடல் பட்டிமன்றத்துல மைக்கை விடாமப் பேசினது யாரு?"

"நான்தான்."

"எந்த பாஷையில?"

"தமிழ்லதான்."

"பின்னே?"

"பரீட்சையில வர மாட்டேங்குது," என்றார் சோணைமுத்து. சொல்லும்போதே மீசை துடித்தது.

திருமங்கலத்துச் சுற்றுவட்டாரத்தில் சோணைமுத்துவைத் தெரியாதவர் கிடையாது. காதுகுத்து, கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா, எதுவானாலும் மைக் அவர் கைக்குத்தான் போகும். போனால் லேசில் திரும்பி வராது. பேச ஆரம்பித்தால் எதுகையும் மோனையும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு வரும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதினார். கணக்கில் பாஸ். அறிவியலில் பாஸ். அட, இங்கிலீஷில்கூடப் பாஸ்.

தமிழில் ஃபெயில். மறுபடி எழுதினார். மறுபடியும் ஃபெயில்.

ஊர் சும்மா விடுமா? டீக்கடைப் பக்கம் அவர் தலை தெரிந்தாலே, "தமிழ் தோத்துட்டு வருதுப்பா, ஸ்ட்ராங்கா ஒரு டீ போடு" என்றார்கள்.

கேலியை அவர் துண்டால் தட்டிவிட்டுப் போய்விடுவார். விஷயம் அது இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில், மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அவர் தற்காலிக உதவியாளர். இப்போது நிரந்தர இடம் ஒன்று காலி. பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும்.

"சோணை, இந்தத் தடவை ரிசல்ட் வர்ற வரைக்கும் தள்ளிப் போடுறேன். அதுக்கு மேல என்னால முடியாதுப்பா" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார்.

இந்தத் தடவையும் போனால், சாகும்வரை தற்காலிகம்தான்.

அதனால்தான் மாவு மில்லுக்கு மேலே இருக்கும் அந்த மாடிக்கு ஏறி வந்திருந்தார். தமிழில் தடுக்கி விழுந்தவர்களுக்கெல்லாம் அந்த மாடிதான் கதி. நப்பின்னை டீச்சருக்கு அவர் தங்கச்சி வயதுதான் இருக்கும். கீழே மில் ஓடினால் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்பதால், டீச்சர் ஒரு சொல்லில் முடிவதை இரண்டு சொல்லில் சொல்ல மாட்டார்.

"சொல்லுங்க டீச்சர். எதை மனப்பாடம் பண்ணணும்? எந்த கைடு வாங்கணும்? எது செய்யச் சொன்னாலும் செய்யுறேன். இந்தத் தடவை நான் விடுறதா இல்லை."

"உக்காருங்கண்ணே. பழைய கேள்வித்தாள் ஒண்ணு தர்றேன். எழுதுங்க."

எழுதினார். கை ஓயவே இல்லை. நேரம் முடிந்ததும் டீச்சர் தாள்களை வாங்கிப் பார்த்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

ஆனால் மூன்றாவது கேள்வியோடு நின்றிருந்தது.

"மிச்சம்?"

"நேரம் பத்தலை டீச்சர். ஆனா தெரியும். எல்லாமே தெரியும்!"

டீச்சர் முதல் கேள்வியைச் சத்தமாகப் படித்தார். "இரட்டைக்கிளவி என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டு தருக. ரெண்டு மார்க்."

பிறகு அவருடைய பதிலைப் படித்தார். சலசல என்று ஓடை ஓடியது. கலகல என்று பிள்ளைகள் சிரித்தார்கள். மடமட என்று தண்ணீர் குடித்தார்கள். தடதட என்று குதிரை வந்தது. படபட என்று நெஞ்சு அடித்தது. நாலு பக்கம்.

"ஒரு எடுத்துக்காட்டுதான் கேட்டிருக்காங்க."

"கைவசம் நிறைய இருந்துச்சு டீச்சர். மனசைக் கல்லாக்கிக்கிட்டு நாலு பக்கத்தோட நிறுத்தினேன்."

டீச்சர் தாள்களை மடித்து வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை எங்க அக்கா மகனுக்குக் காதுகுத்து. கெடா வெட்டு. பரிமாற ஆள் பத்தலை. வாங்க."

"பரீட்சைக்கு வழி கேட்டா..."

"வாங்க."

போனார். டீச்சர் கறிக்குழம்பு வாளியை அவர் கையில் கொடுத்தார். பந்தியில் இலை வரிசை மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடியது. சோணைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு கரண்டி குழம்பு, ரெண்டு துண்டு கறி, அடுத்த இலை. ஒரு கரண்டி, ரெண்டு துண்டு, அடுத்த இலை. முதல் இலையில் உட்கார்ந்திருந்த பெரிய மனுஷர் முழங்கையைப் பிடித்து இழுத்தும்கூட, "மறுசோத்துக்கு வர்றேண்ணே" என்று நழுவிவிட்டார்.

பந்தி முடிந்தது. கை கழுவும் இடத்தில் டீச்சர் கேட்டார்.

"முதல் இலையிலயே ஏன் கறி எல்லாத்தையும் போடலை?"

"நல்லா கேட்டீங்க! அப்புறம் கடைசி இலைக்காரன் வெறும் வாளியை எடுத்து என் தலையில கவுத்துருவான்."

சொன்னவர் அப்படியே நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"டீச்சர்! புரிஞ்சிருச்சு டீச்சர்!"

டீச்சருக்கும் சந்தோஷம்தான். பெரிய பிரச்சினை ஒரு வாளிக் குழம்போடு தீர்ந்துபோனால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

மறுநாள் சாயங்காலம் இன்னொரு கேள்வித்தாள் கொடுத்தார். அந்த மனுஷன் நாலாவது கேள்வியோடு நின்றார்.

"என்னண்ணே இது? நேத்துதானே புரிஞ்சிருச்சுன்னீங்க?"

"புரிஞ்சுதான் டீச்சர் இருக்கு. ஆனா வாளியில இருக்கிற கறி வாயத் தொறந்து என்னைப் போடு, என்னைப் போடுன்னு கத்தாது. எனக்குள்ள இருக்கிறது கத்துதே!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு வருத்தமாக இருந்தது. உதாரணம் காட்டிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தார். போதவில்லை.

"சரி. கேட்டதை மட்டும் எழுதிட்டு நிறுத்தினா என்ன ஆகும்? அதைச் சொல்லுங்க."

சோணைமுத்து பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கீழே மில் யாருக்கோ மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தது.

"பயமா இருக்கு டீச்சர்," என்றார் கடைசியில். "ஒன்பதாவதோட எங்கப்பன் என்னை மாடு மேய்க்கத் துரத்திட்டாரு. அதுக்கப்புறம் எங்க போனாலும், இவனுக்கு என்ன தெரியும்னுதான் பார்ப்பாங்க. அதுக்காகவே படிச்சேன். பேசப் பழகினேன். பேப்பர் திருத்துறவரு முகத்தை நான் பார்க்க முடியாது. ரெண்டே வரி எழுதிட்டு விட்டா, இவனுக்கு அம்புட்டுத்தான் தெரியும்போலன்னு நினைச்சிருவாரே. அந்த ஆளு அப்படி நினைக்கிறதை என்னால தாங்கிக்க முடியாது."

கண்ணில் தண்ணீர் நின்றது. மிளகாய் நெடி என்று சொல்லித் துடைத்துக்கொள்ள வழி இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

டீச்சரும் ஆறுதல் சொல்லவில்லை.

"நாளைக்கும் வாங்க," என்றார்.

மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். சங்கத்தில் ஷட்டரை இழுத்துவிட்டு நேரே மாடிப்படி. மீசை முளைக்காத பயல்களுக்கு நடுவில் பெஞ்சில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து எழுதினார். வேகமாக எழுதிப் பார்த்தார். எழுத்து கோழி கிளறின மாதிரி ஆனது, கேள்விகள் அப்போதும் மிச்சம் இருந்தன. இடது கையால் வலது கையைப் பிடித்து நிறுத்திப் பார்த்தார். ஒரு நாள் ஐந்தாவது கேள்வி வரை வந்தார். இன்னொரு நாள் பழையபடி மூன்றிலேயே நின்றார். அன்றைக்குப் பேனாவை மூடிவிட்டு, "விட மாட்டேன் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

பரீட்சை நாள் வந்தது.

போகிற வழியில் மாடிக்கு ஏறினார். சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, பையில் ரெண்டு பேனா. மில் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. டீச்சர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

சோணைமுத்து தொண்டையைச் செருமினார். பழக்கம் விடுமா?

"அன்பிலும் அறிவிலும் உயர்ந்த ஆசிரியப் பெருந்தகையே! தளர்ந்தபோது தாங்கினீர்கள், தடுமாறியபோது தட்டிக்கொடுத்தீர்கள். தேர்வுக் களம் நோக்கிப் புறப்படும் இந்த எளியவனுக்கு விடை கொடுங்கள்!"

டீச்சர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"என்ன கேட்டீங்க?"

"விடை டீச்சர்."

"பரீட்சை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அதுக்குள்ள என்கிட்ட விடை கேக்குறீங்க?"

"ஐயோ, அந்த விடை இல்லை டீச்சர். போயிட்டு வான்னு சொல்லி அனுப்பி வைங்கன்னு கேட்டேன். அதுவும் விடைதானே?"

"அதுவும் விடைதான்."

டீச்சர் உள்ளே போய்ப் பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்துவந்தார். மேலே அச்சிட்டிருந்த வரியில் விரலை வைத்தார்.

"படிங்கண்ணே."

"கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை தருக."

"இதுல எந்த விடை?"

சோணைமுத்து வாயைத் திறந்தார். எத்தனையோ வருஷமாகப் பார்த்த வரி. மேடையில் எத்தனையோ தடவை சொன்ன சொல். அவர் வாய் திறந்தபடியே இருந்தது.

டீச்சர் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

"நேரமாச்சு. போயிட்டு வாங்கண்ணே."

அவ்வளவுதான். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட்டப் போய்விட்டார். சோணைமுத்துவுக்கு ஒரு கணம் என்னவோபோல் இருந்தது. இத்தனை நாள் பழக்கத்துக்கு இவ்வளவுதானா? பிறகு படி இறங்கும்போது, அந்த மூன்று சொல்லில் குறை என்று எதுவும் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு சொல் கூட்டியிருந்தால் பஸ் போயிருக்கும்.

தேர்வுக்கூடம். மணி அடித்தது. கேள்வித்தாள் வந்தது.

முதல் கேள்வி: அடுக்குத்தொடர் என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டு தருக.

அட பாவமே! கேட்டும் கேட்டார்கள், இவரிடம் போயா கேட்பார்கள்? மேடை மேடையாக இவர் பிழைத்ததே அடுக்குத்தொடரில்தான்.

சோணைமுத்து எழுதினார். அச்சம், மகிழ்ச்சி, விரைவு போன்றவற்றால் ஒரு சொல்லே அடுக்கி வருவது அடுக்குத்தொடர். தனித்தனியே பிரித்தாலும் பொருள் தரும். எடுத்துக்காட்டு: வாழ்க வாழ்க.

பேனா தாளில் நின்றது.

உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தன. வருக வருக. வெல்க வெல்க. பாம்பு பாம்பு. தீ தீ தீ. எல்லாம் வாசல்வரை வந்து முண்டியடித்தன. முகம் தெரியாத அந்தத் திருத்துகிற ஆள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இம்புட்டுத்தானா என்று பார்ப்பதுபோல இருந்தது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று பல்லைக் கடித்தார்.

முற்றுப்புள்ளி வைத்தார். நன்றாக அழுத்தி வைத்தார்.

"போயிட்டு வாங்க," என்றார்.

மனசுக்குள் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். மைக்கில் பழகின தொண்டை. கூடம் முழுக்கக் கேட்டது. பயல்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் வேகமாக அவரிடம் வந்தார்.

"என்னங்க, பரீட்சை ஹால்ல யார்கிட்ட பேசுறீங்க?"

"முதல் கேள்விகிட்ட சார்," என்றார் சோணைமுத்து, இரண்டாவதைப் படித்துக்கொண்டே. "கிளம்பிருச்சு."