வியர்த்த கல்குடம்

முன்னொரு காலத்தில், நைல் நதி பாயும் எகிப்து தேசத்தில், நெபி என்றொரு கல்தச்சன் வாழ்ந்து வந்தான். அத்தேசத்து வழக்கம் ஒன்று உண்டு, குழந்தைகளே. இறந்தவருக்கு மறுவுலகில் தாகம் எடுக்கும் என்று கல்லறைக்குள் குடம் வைப்பார்கள். எந்தக் குடம் வைத்தார்களோ, அதில்தான் அவர் என்றென்றைக்கும் நீர் அருந்த வேண்டும்.

மன்னனின் தாயார் காலமானார். அடக்கத்துக்கு எழுபது நாள் இருந்தது. நெபி பால்நிறக் கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மணலைத் தூவி, செம்புக் குழாயைச் சுழற்றி, அதன் வயிற்றைக் குடைந்தான், குடைந்தான், எழுபது நாளும் குடைந்தான். பூவிதழ் போல மெலிந்தது கல்.

பண்டசாலை அதிகாரி ஹாபு அக்குடத்தைக் கண்டான், ஆசை கொண்டான், அபகரித்தான். குயத்தி தேயாவிடம் அதே வடிவில் ஒரு மண்குடம் வாங்கி, கல்லைப் போலவே வண்ணம் பூசி, அதனைக் கல்லறைக்கு அனுப்பிவிட்டான்.

அடக்க நாளில் மன்னன் தன் கையாலேயே குடத்தில் ஆற்றுநீரை ஊற்றினான். சற்று நேரத்தில் குடத்தின் மேல் முத்து முத்தாக நீர் துளிர்த்தது. எல்லோரும் கைகூப்பினர். "தங்கள் தாயாரை நினைத்துக் கல்லே அழுகிறது, அரசே," என்றான் ஹாபு. மன்னன் கண்கலங்கி அத்துளியைத் துடைத்தான். விரலில் வெள்ளை வண்ணம் ஒட்டிக்கொண்டது. அடியில் செம்மண் தெரிந்தது.

உடனே ஹாபு, தச்சன் ஏமாற்றிவிட்டான் என்று கூறினான். நெபியின் கைகளை வெட்டும்படி மன்னன் ஆணையிட்டான்.

அப்போது சோற்றுப்பானை சுமந்து வந்திருந்த தேயா முன்னே வந்தாள். "அழவும் இல்லை ஒன்றும் இல்லை, ராசா. அது வியர்க்கிறது. வியர்க்காவிட்டால் தண்ணீர் எப்படிக் குளிரும்? இந்த ஐயாதான் என்னிடம் வாங்கிப் போனார். வெள்ளையடித்தது நானில்லை. அடியில் தொட்டுப் பாருங்கள், என் கட்டைவிரல் பள்ளம் இருக்கும்."

இருந்தது. அவள் விரல் அதில் அப்படியே பொருந்தியது.

"அப்படியானால் கல்குடம் எங்கே?" என்று மன்னன் கேட்டான். "தன் மறுவுலகத் தாகத்துக்கென்று திருடியவர், தன் கல்லறையில் அல்லாமல் வேறெங்கே வைப்பார், அரசே?" என்றான் நெபி.

ஹாபு மலையடிவாரத்தில் தனக்கென்று வெட்டி வைத்திருந்த கல்லறைக்கு எல்லோரும் சென்றார்கள். ஒரே இருட்டு. வரிசையாகக் குடங்கள். நெபி முதல் குடத்துக்குள் அகல் விளக்கை இறக்கினான், இருட்டு. இரண்டாம் குடத்துக்குள் இறக்கினான், இருட்டு. மூன்றாம் குடத்துக்குள் இறக்கியதும், அம்மம்மா, கல்லே நிலவாயிற்று! பாலொளி சுவரெங்கும் பரவியது. குடத்துக்கு அப்பால் நீட்டிய மன்னனின் ஐந்து விரல்களும் கல்லின் ஊடே தெரிந்தன.

பிறகு மன்னன் மெல்லிய குரலில் சொன்னான்: "நெபி, இவன் கல்லறைக்கும் ஒரு கல்குடம் செய்து வை. வெளியே குடமாக இருக்கட்டும். உள்ளே மட்டும் குடையாதே."

அன்று முதல் ஹாபு எத்தனை நீர் குடித்தாலும் நாக்கு வறண்டே இருந்தது. மன்னனோ கல்குடத்தில் நீர் நிரப்பித் தாயின் கல்லறையில் வைத்துவிட்டு, தேயாவின் மண்குடத்தைக் கழுவி அரண்மனையில் வைத்துக் குளிர்ந்த நீர் பருகினான்.

தாயின் தாகநீரைத் திருடியவனுக்குத் தாகமே கூலியாயிற்று. அவள் குடமும் நிறைந்தது, என் கதையும் நிறைந்தது; கண்ணை மூடுங்கள், கண்மணிகளே.