சான் ரெமோ கடலில் எண்ணெய்க் குளியல்

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. போனில் யார் கூப்பிட்டு "தண்ணி விழுதா?" என்று கேட்டாலும், "கொட்டுது, கிளம்பி வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் அருவிப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். இது பொய்யில் சேராது, தொழிலில் சேரும். எட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிற ஒரே ஆள் நயினார். அதனால் அவருடைய எட்டு அறைகளில் ஏழு பூட்டியே கிடக்கும். எட்டாவதில் அவரே குடியிருந்தார்.

போன சீசனில் அருவி குழாய்த் தண்ணீர் அளவுக்குத்தான் விழுந்தது. நம்பி வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வண்டியேறினார்கள். இந்த வருஷம் மதுரைப் பக்கத்து வேன்காரர்களைக் கூட்டிவைத்துச் சமாதானம் சொல்லி, ஜனங்களைத் திரும்ப வரவழைத்தாக வேண்டும். அதற்கு வாய் உள்ள ஒரு தலைவர் வேண்டும் என்று லாட்ஜ் உரிமையாளர் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைதீன் பிச்சையின் லாட்ஜ் சாப்பாட்டு ஹாலில் கூடியது. வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். அதில் தலைவர் நாற்காலிக்கு அஞ்சு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தவர் ஆவுடையப்பன், நயினாருடைய அக்கா புருஷன்.

ஆவுடையப்பனின் முதல் தகுதி, அவர் வெளிநாடு போய் வந்தவர். மெத்தைக் கம்பெனிக்காரன் நடத்திய குலுக்கலில் அவருக்கு இரண்டு பேர் போய்வர இத்தாலி டிக்கெட் விழுந்தது. போன வருஷம் ஆனியில் மச்சினனையும் கூட்டிக்கொண்டு, சான் ரெமோ என்கிற கடற்கரை ஊருக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தார். அந்த மூன்று நாளும் அவர் அறையை விட்டு வெளியே கால் வைக்கவில்லை என்பது இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம். ஒருவர் அவர். இன்னொருவர் நயினார்.

காலையிலேயே அக்கா போன் பண்ணியிருந்தாள். "உங்க அத்தானுக்கு நீதான் சாட்சி. அங்க வச்சுக் காலை வாரினியோ, அதுக்கப்புறம் எங்க வீட்டு வாசப்படி மிதிக்காத." ஐம்பத்திரண்டு வயசு வரை ஒரு பொய் சொன்னதில்லை நயினார். அக்கா பேச்சைத் தட்டியதும் இல்லை. இரண்டில் ஒன்று இன்றைக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்டபடி ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

ஆவுடையப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஐரோப்பாவிலுள்ள ராஜா ராணியெல்லாம் இருமல் வந்தால் காற்று வாங்கப் போன ஊர் அது, நூற்றைம்பது வருஷத்துப் பேர் அதற்கு என்று ஆரம்பித்தார். அதுவரைக்கும் நிஜம். பிறகு ஹோட்டலுக்கு வந்தார். தான் தங்கிய ஹோட்டலில் நாலாயிரம் அறை. அடுப்படியில் காப்பி போட்டுக் கையில் கொடுத்தால், வராந்தாவைக் கடந்து அறைக்கு வருவதற்குள் பால் உறைந்து தயிராகிவிடும். அதனால் அங்கே காலையில் எல்லோருக்கும் மோர்தான்.

"காப்பித்தூளு போட்ட மோரா?" என்று கேட்டார் மைதீன் பிச்சை. பத்து வருஷமாகச் சங்கத்தின் செயலாளர். எதையும் ஒரு தடவை தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்.

"ஆமா பாய். ருசியா இருக்கும். வேணும்னா மாப்ளைட்ட கேளும்."

எல்லாத் தலைகளும் நயினார் பக்கம் திரும்பின. அவர் காதோரம் வந்த ஈயை விரட்டத் தலையை அசைத்தார். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆவுடையப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்தக் காற்று லேசுப்பட்டதில்லையாம். கடலைப் பார்த்து வாயைத் திறந்தால் பசி அடங்கிவிடும். சமையலறை வைத்து வீடு கட்டுகிற வழக்கமே அந்த ஊரில் கிடையாது. பொழுது விடிந்ததும் குடும்பத்தோடு கடற்கரையில் வரிசையாக நின்று வாயைப் பிளப்பார்கள், ஏப்பம் வந்ததும் வேலைக்குப் போவார்கள். ஆவுடையப்பன் பழக்கதோஷத்தில் நாலு தடவை கூடுதலாகக் கொட்டாவி விட்டுவிட்டார், மூன்றே நாளில் ஒன்பது கிலோ ஏறிவிட்டது.

திரும்பி வந்தபோது அவர் எலும்பும் தோலுமாக அல்லவா இருந்தார் என்று பின்வரிசையில் யாரோ ஞாபகப்படுத்தினார்கள். விமானத்தில் வரும்போது காற்று இறங்கிவிட்டது என்று ஆவுடையப்பன் பதில் சொன்னார். நயினார் மேலே ஓடாத மின்விசிறியை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் என்ன பெரிசு? கடல்ல எண்ணெ தேச்சிக் குளிச்சேன், அதச் சொல்லுதேன்" என்று ஆவுடையப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். குற்றாலத்துக்காரன் எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் எண்ணெய் தேய்க்காமல் இறங்குவானா? தென்காசியிலிருந்து கொண்டுபோன ஒரு லிட்டர் நல்லெண்ணெயை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு குதித்தார். அவ்வளவுதான், அலை அடங்கிவிட்டது. எண்ணெய் ஆப்பிரிக்கா வரைக்கும் பரவிவிட்டது. கப்பல்களெல்லாம் வழுக்கிக்கொண்டு போய் வேறு வேறு நாட்டுத் துறைமுகத்தில் நின்றன. வலையில் விழுந்த மீனெல்லாம் எண்ணெயோடு வந்தது. சட்டியில் போட்டால் போதும், தானே பொரிந்துவிடும்.

ஹாலில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மைதீன் பிச்சை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நயினாருக்கு எதிரே வந்து நின்றார்.

"நயினாரு, உம்ம வாயில பொய் வராதுன்னு ஊருக்கே தெரியும். நீரு ஒரு வார்த்த சொல்லும். இவரு சொன்னது நடந்துதா, இல்லையா? ஆமான்னா இவருதான் தலைவரு."

நயினார் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அக்காவின் முகம் வந்து குறுக்கே நின்றது.

"அத்தான் கூச்சப்பட்டுக்கிட்டுப் பாதிதான் சொல்லுதாவ" என்றார்.

சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்றுகூட இருந்தது. அவ்வளவுதான், பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

"கடல்பூரா எண்ணெயாப் போச்சுல்லா? அந்த ஊருக்காரங்க வந்து அழுதாங்க. எங்கிட்ட ஒரு பாக்கெட் சீயக்கா இருந்துது. எடுத்துக் கடல்ல கொட்டித் தேயி தேயின்னு தேச்சேன். எண்ணெ போயிட்டு. ஆனா நுரை கிளம்பிட்டு. ஊரே முங்கிட்டு. கோயில் மணிக்கூண்டு மட்டும் வெளிய தெரியுது. கடலை அலசணும்னா நல்ல தண்ணி வேணும்லா? உப்புத் தண்ணியில சீயக்கா போவுமா? நம்ம ஊர நெனச்சேன். அருவிய ரெண்டு மாசம் அங்கிட்டுத் திருப்பிவிடச் சொல்லிட்டேன். அதான் போன சீசன்ல இங்க தண்ணி விழல. இப்ப அலசி முடிச்சிட்டாங்க. இந்த வருசம் வட்டியும் முதலுமாத் திரும்பி விழும்."

ஒரு வருஷமாக வாடிக்கைக்காரர்களிடம் என்ன பதில் சொல்வதென்று முழித்துக்கொண்டிருந்த இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். பேசாமல் நயினாரையே தலைவராகப் போட்டுவிடலாம் என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. ஆமாம் ஆமாம் என்று நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

ஆவுடையப்பனுக்குப் பகீர் என்றது. அஞ்சு வருஷ ஆசை கண்முன்னால் மச்சினன் மடியில் போய் விழுகிறது. பதறி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"புளுகுதான்யா, அம்புட்டும் புளுகு. ஊர்லருந்து கட்டிட்டுப் போன புளியோதரை கெட்டுப்போச்சுன்னு தெரியாமத் தின்னுட்டு, மூணு நாளும் நான் கக்கூஸ்லதான் கெடந்தேன். இவன் வெளிய நின்னு கஞ்சி வேணுமா அத்தான், கஞ்சி வேணுமா அத்தான்னு கேட்டுட்டிருந்தான். கடல நாங்க ரெண்டுபேரும் கண்ணாலகூடப் பாக்கல. எங்க அம்மா மேல சத்தியம்."

சங்கத்துக்கு வந்த இத்தனை வருஷத்தில் ஆவுடையப்பன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை யாரும் கேட்டதில்லை. அது நிஜம் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. நயினாருக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது, பாவம். நாற்காலியை நிமிர்த்தி, அத்தானுடைய தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

மைதீன் பிச்சை தீர்மான நோட்டைத் திறந்து நயினார் பெயரை எழுதினார். அப்புறம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே ஆவுடையப்பனைப் பார்த்துச் சொன்னார்:

"சந்தோசம் அண்ணாச்சி. ஆனா உம்மள மாதிரி உண்மை பேசுதவரத் தலைவராப் போட்டா, நம்ம ஊருக்கு எவன் வே வருவான்?"