பூட்டுப் போட்ட ஜன்னல்

இத்தாலியில ஜெனோவா துறைமுகத்துல ஒரு வழக்கம் உண்டு. ஜன்னல் இல்லாத சுவத்துல ஜன்னல் வரைஞ்சு வெப்பாங்க. கல் விளிம்பு, பச்சைக் கதவு, கதவோட நிழல், எல்லாமே சாயம்தான். பின்னாடி வெறும் சுவரு.

அதைப் பாத்தாலே பத்திஸ்தாவுக்கு எரிச்சலா வரும். சுவத்துச் சித்திரம் கத்துக்க வந்தவன் அவன். கத்துக் குடுத்தவ ஒரியெட்டா. வயசுல அவனை விடச் சின்னவ, பேச்சுலயும் சிக்கனம். ரெண்டுமே அவனுக்கு ஆகாது.

அன்னைக்குக் கடலைப் பாத்த ஒரு மாடிச் சுவத்துல, சாரத்து மேல நின்னுக்கிட்டிருந்தாங்க. சுண்ணாம்புப் பூச்சு ஈரமா இருக்கறப்பவே சாயத்தை வெச்சாகணும். காஞ்சா பிடிக்காது.

"கதவு பாதி திறந்த மாதிரி வரை"ன்னா ஒரியெட்டா.

"குருவே, இதுக்குப் பின்னாடி அறை இருக்கா?"

"இல்ல."

"எட்டிப் பாக்க ஆள்?"

"இல்ல."

"அப்புறம் யாருக்காகத் திறக்கணும்? ஜன்னலே பொய்யி. அதுல காத்து வேற வரணுமா?"

"ஈரம் காயுது."

வந்துச்சே அவனுக்குக் கோவம்! கதவை இறுக்கிச் சாத்தின மாதிரி வரைஞ்சான். அதோட விட்டானா? நடுவுல பெருசா ஒரு பூட்டு.

"இந்த ஊர்லயே நேர்மையான ஜன்னல் இதான். உள்ள ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லும்!"

ஒரியெட்டா பூட்டை உத்துப் பாத்தா. "சாவித் துளை நல்லா வந்திருக்கு."

திட்டியிருந்தாலாவது இருந்திருப்பான். "உங்க பொய்யும் வேணாம், உங்க ஊரும் வேணாம்"னு தூரிகையை வீசிட்டு இறங்கினவன், நேராப் போய், பக்கத்து ஊரான சவோனாவுக்குக் கிளம்பின படகுல ஏறி உக்காந்துட்டான்.

"என்னய்யா, பொண்டாட்டி துரத்திட்டாளா?"ன்னான் துடுப்புக்காரன்.

"வாயை மூடிட்டு வலி."

கரை விலகிப் போச்சு. திரும்பிப் பாக்கவே கூடாதுன்னு வைராக்கியமாத்தான் இருந்தான். கொஞ்ச தூரத்துல கழுத்து அவன் பேச்சைக் கேக்கல.

அம்மாடி!

கடலுக்குள்ளேர்ந்து மலை எந்திரிச்சு நின்னுச்சு. அது மேல வீட்டுத் தோள்ல வீடா ஏறிக்கிட்டே போச்சு. ரோஜா, காவி, பழுத்த மஞ்சள். நடுவுல கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாத்தி மாத்தி அடுக்கின மாதா கோயில். எங்க பாத்தாலும் ஜன்னல், அத்தனையும் பாதி திறந்து, இப்பத்தான் யாரோ எட்டிப் பாத்துட்டு உள்ள போன மாதிரி. அந்தத் தெருக்கள்லயே கிடந்தவன், ஊரை இன்னைக்குத்தான் பாக்கறான். மூச்சு விடக்கூடத் தோணல.

இதுல எது நிஜம், எது சாயம்? தேடினான். அவனே சாயம் அரைச்சுக் குடுத்த ஜன்னல் எத்தனையோ. ஒண்ணுகூடப் பிடிபடல.

சாத்தியிருந்த ஒண்ணு மட்டும் பளிச்சுனு தெரிஞ்சுது.

துடுப்புக்காரனும் பாத்துட்டான். "அது எவன் வீடுய்யா? கடல்லேர்ந்து வர்றவனை வராதேங்கற மாதிரி!"

பத்திஸ்தா தலையைக் குனிஞ்சான். "படகைத் திருப்பு."

"விளையாடறியா? காத்து இப்பத்தான் தோதா அடிக்குது."

"திருப்புய்யா. கால்ல விழணுமா?"

அவன் சாரத்துல ஏறினப்போ வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்துச்சு. கதவையும் காணோம், பூட்டையும் காணோம். அந்த இடத்தைக் கொத்தி எடுத்துட்டு ஒரியெட்டா புதுசாப் பூசி வெச்சிருந்தா. தொட்டுப் பாத்தான். ஈரம். அவன் வீசின தூரிகை, கழுவிப் பலகை மேல இருந்துச்சு.

"குருவே, பொய் ஜன்னல் எதுன்னு கண்டுபிடிக்க முடியல. என்னோடதைத் தவிர."

அவ அந்தத் தூரிகையை எடுத்து அவன் கையில குடுத்தா.

"நான் படகேறிட்டேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்புறம் எதுக்கு இந்த ஈரப்பூச்சு? நான் வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனாலதான் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன்."