காதுகுத்துக்கு முன் ஓர் ஆட்டம்

எங்கள் ஊரில் காசு வைத்துச் சீட்டாடுவதை விட்டுவிட்ட ஒருவர் இருந்தார். யார் கேட்டாலும் ஆட்டம் சொல்லித் தருவார். அதனால் அவருக்கு வாத்தியார் என்றே பேர். அவர் வீட்டில் கடிகாரமும் இல்லை, போனும் இல்லை.

ஒருநாள் காலை, அவரிடம் சீட்டு படிக்கும் தெய்வேந்திரன் பட்டு வேட்டியோடு வந்து நின்றான்.

"எங்க கிளம்பிட்ட, மாப்பிள்ளை மாதிரி?"

"அக்கா மகளுக்குக் காதுகுத்து, வாத்தியாரே. பக்கத்துத் தெருக் கோயில்லதான். தாய்மாமன் நான் ஒருத்தன்தானே, என் மடியில வச்சுத்தான் குத்தணும். தோடுகூட என்கிட்டதான் இருக்கு."

"அப்புறம் இங்க என்ன வேலை?"

"ஒரு சந்தேகம். போக்கர்ல எதைப் படிக்கட்டும்? கையில ரெண்டு சீட்டு வாங்கற ஹோல்டெமா, நாலு சீட்டு ஒமாஹாவா, ஏழு சீட்டு ஸ்டட்டா? சாயங்காலம் கிளப்புல கேப்பாங்க."

"போய்ப் பிள்ளைய மடியில வச்சுட்டு வா. சொல்றேன்."

"நேரம் இருக்கு வாத்தியாரே. ஒரு வார்த்தைதானே."

"வார்த்தையில தெரியாது. ஆடிப் பார்க்கணும்."

"அப்ப போடுங்க."

வாத்தியார் அவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு சீட்டு போட்டார். பந்தயத்துக்குப் புளியங்கொட்டை. தெய்வேந்திரன் ஜெயித்தான்.

"போதும். கிளம்பு."

தெய்வேந்திரனின் போன் அடித்தது. அக்கா.

"எங்கடா இருக்க? ஆசாரி வந்து உட்கார்ந்திருக்காரு."

"கோயில் வாசல்லதான்க்கா," என்றவன், வாத்தியாரிடம் திரும்பி, "ஒமாஹாவையும் பார்த்துடலாம்," என்றான்.

நாலு சீட்டில் தோற்றான். போன் மறுபடி அடித்தது. வேண்டாத சீட்டைப் போல அதைக் கவிழ்த்து வைத்தான்.

"கிளம்புப்பா."

"தோத்துட்டு எப்படிப் போறது? ஏழு சீட்டையும் போட்டுருங்க."

போட்டார். இந்தத் தடவை போன் அடித்தது வாத்தியாருக்கு மட்டும்தான் கேட்டது.

தெய்வேந்திரன் ஜெயித்தான். கொட்டைகளைச் சிரித்துக்கொண்டே வாரினான். அப்புறம்தான் போனை நிமிர்த்திப் பார்த்தான். அக்காவைக் கூப்பிட்டான். அவள் புருஷன் எடுத்தார்.

"முடிஞ்சுது மாப்ளே. நல்ல நேரம் போயிரும்னு எதிர்வீட்டு வேலாயுதம் மடியில வச்சுக் குத்தியாச்சு."

"தோடு என்கிட்ட…"

"ஆசாரி செப்புக் கம்பியை மாட்டி விட்டுட்டாரு."

"அக்காகிட்ட குடுங்க மச்சான்."

கொஞ்ச நேரம் பந்திச் சத்தம் மட்டும் வந்தது.

"அவ வேலையா இருக்காளாம்," என்றார். வைத்துவிட்டார்.

தெய்வேந்திரன் எழுந்தான். வாசல் வரை போனான். செருப்பை மாட்டாமல் அங்கேயே நின்றான்.

வாத்தியார் சீட்டுகளைச் சேர்த்துக் கலைத்தார்.

"வந்து உட்காரு. இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க. நிதானமாச் சொல்லு, எந்த ஆட்டம் வேணும்?"